கரும்பு வயலின் நடுவே கற்குவியல்கள்

மொரீசியஸ் தீவின் விமான நிலையம் தென்கிழக்குக் கரையை அண்மித்திருக்கிறது. அங்கிருந்து தலைநகர் போர்ட் லூயியை நோக்கி வாகனம் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே வீதியின் இருமருங்கும் கரும்பாகிவிடுகிறது. அக்கரும்பின் நடுவே, ஆங்காங்கே, இரண்டாள் உயரத்திற்குக் கறுத்த கற்குவியல்கள் எழுந்து நிற்கின்றன. சில ஒழுங்காக அடுக்கப்பட்டவை. சில வெறுமனே கொட்டப்பட்டவை. இடிந்த கோயில்களோ என ஐயுற்று வாகன சாரதியை வினவினேன்.

"வயலிலிருந்து பொறுக்கிய கற்கள். எங்கள் பாட்டன்மார் பொறுக்கியவை" என்றார் அவர்.

எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உண்டான தீவு இது. மண்வெட்டியால் ஓரடி கொத்தினால் கல்லில் இடிக்கும். கரும்பு நடுவதற்கு முன்னர் அக்கற்களை அகற்றியாக வேண்டும். முதலில் ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அகற்றினார்கள். பின்னர் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் அகற்றினார்கள். உல்லாசப் பயண நிறுவனங்களின் வண்ணப் பிரசுரங்களில் வெண்மணலும் நீலக் கடலும் உண்டு, இக்கற்குவியல்கள் இல்லை. ஆயினும் இத்தீவுக்குச் செல்லும் நம்மவர் முதலிற் காணவேண்டியவை இவையே என்பது என் எண்ணம்.

இதனை வாசிப்போரிற் பலர் எங்குமே செல்ல இயலாமல், வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் என்பதை நான் அறிவேன். நானும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவனே. மேல்மூலையில் இரு கருங்கோடுகள் இடப்பட்ட அகதிப் பயணப் பத்திரம் கைக்கு வந்த பின்னர் நான் மேற்கொண்ட முதல் நெடும்பயணம் இது. பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த நாட்களில் தோட்டத் தொழிலாளரைப் பற்றி எத்தனையோ விரிவுரைகள் நிகழ்த்தியிருக்கிறேன். அவர்கள் பொறுக்கிய கல்லொன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

தீவுக்குப் பெயர் சூட்டியவர்கள் ஒல்லாந்தர். 1598இல் வந்திறங்கித் தம் இளவரசர் மோரிட்ஸின் பெயரை இட்டனர். 1639இல் யாவாவிலிருந்து கரும்பைக் கொணர்ந்தவர்களும் அவர்களே. பறக்கவியலாத டோடோப் பறவை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்தது. 1710இல் ஒல்லாந்தர் விட்டு நீங்க, 1715இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1810இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசையில் அதிகம் விளக்கம் தேவைப்படாது.

போர்ட் லூயியைத் துறைமுக நகராக்கியவர் 1735இல் ஆளுநராக வந்த லா பூர்டொன்னே. அவருடைய சிலை துறைமுகத்தை நோக்கி நிற்கிறது. கல்லுடைக்கவும் மரம் இழைக்கவும் சுவர் எழுப்பவும் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அழைத்து வரப்பட்டனர். ஆகவே இங்கு தமிழர் வரலாறு கரும்புத் தோட்டத்திற்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டது. கைவினைஞர்களுக்குச் சிலை எதுவும் என் கண்ணிற் படவில்லை.

வடக்கே பம்பிள்மூஸ் தாவரவியற் பூங்காவில் ஒரு முழுநாளைக் கழிக்கலாம். 1767ஆம் ஆண்டு முதல் இங்கு பணியாற்றிய பியர் புவாவ்ர், ஒல்லாந்தரின் வாசனைத் திரவிய ஏகபோகத்தை முறிக்கும் நோக்குடன் மொலுக்காத் தீவுகளிலிருந்து சாதிக்காய், கராம்புக் கன்றுகளைக் கள்ளமாகத் தருவித்தார். பயணிகள் எல்லோரும் தாம்பாளம்போல் விளிம்பு மடிந்த அமேசன் அல்லி இலைகளின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். நான் தாளிப்பனைகளின் கீழ் நின்றேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம். நம் முன்னோர் ஏடெழுதிய ஓலைகளுள் இதனுடையதும் ஒன்று. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரேயொரு முறை பூத்துக் காய்த்து, பின் பட்டுப்போகும். பூங்காவிற்கு அருகே போ பிளான் சர்க்கரை ஆலை இருக்கிறது. 1999இல் ஆலை மூடப்பட்டு, 2002இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கொதிகலன்களும் உருளைகளும் துடைத்து மினுக்கப்பட்டுள்ளன. வியர்வை நாற்றம் மட்டும் இல்லை.

தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் லெ மோர்ன் குன்றுக்கு அதிகாலையிலேயே செல்லுங்கள். 556 மீற்றர் உயரம், செங்குத்தான பாறை. தப்பியோடிய அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தனர். 1835 பெப்ரவரி 1ஆந் திகதி அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அச்செய்தியை அறிவிக்கக் காவற்படையினர் மேலேறி வந்தபோது, தம்மைப் பிடிக்கவே வருகின்றனர் என அஞ்சி அம்மக்கள் பாறையிலிருந்து குதித்து மாண்டனர் என்பது கர்ணபரம்பரைக் கதை. 2008இல் யுனெஸ்கோ இக்குன்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதிகாரியின் சீருடையைக் கண்டதும், அவன் கொண்டுவருவது நற்செய்தியா என்று கேட்க நிற்காமல் ஓடும் மனிதர்களை நான் வேறிடங்களிலும் கண்டிருக்கிறேன். ஆகையால் இக்கதையை நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அடிமைகளை இழந்தமைக்காக மொரீசியஸின் உடைமையாளர்களுக்கு ஆங்கில அரசு இருபது இலட்சம் பவுணுக்கு மேல் இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை.

அருகிலுள்ள சமரேலின் ஏழு வண்ண மண்மேடும் நீர்வீழ்ச்சியும் அழகானவைதாம். ஒரு மணி நேரம் போதும். அதைவிடக் கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கின் தேசியப் பூங்கா மனதைக் கவர்ந்தது. 1974இல் நான்கே நான்காக எஞ்சியிருந்த மொரீசியஸ் வல்லூறு இன்று பெருகிப் பறக்கிறது.

இனித் துறைமுகத்திற்குத் திரும்புவோம். ஆப்பிரவாசி காட் எனப்படும் குடிவரவுக் களம், 1849இல் எழுப்பத் தொடங்கப்பட்டது. பெரும்பகுதி அழிந்துவிட்டது; வாயில், மருத்துவமனைக் கட்டடம், சில சுவர்கள், கடலிலிருந்து ஏறும் கருங்கற் படிகள் எஞ்சியுள்ளன. 1834 நவம்பர் 2ஆந் திகதி 'அட்லஸ்' என்னும் கப்பலில் 36 பேர் வந்ததுடன் தொடங்கிய இக்குடிவரவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இத்தீவை அடைந்தனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும், பல்லாயிரவர் சென்னை வழியாகவும் வந்தனர். ஆணுக்கு மாதம் ஐந்து ரூபா கூலியும் உணவுப் பொருளும். ஒருநாள் வேலைக்கு வராவிடில் இருநாட் கூலி வெட்டப்படும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்திற்கு வெளியே நடமாடியவர் சிறைக்குச் சென்றார்.

அவர்களுடைய பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்திற் பேணப்படுகின்றன. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி, உயரம், உடலிலுள்ள தழும்பு, கப்பல், சேர்ந்த தோட்டம். எல்லாவற்றிற்கும் மேலே ஓர் இலக்கம். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. சொன்னவருக்கு எழுதத் தெரியாது. பெயர்கள் சிதைந்தன, தந்தையின் பெயர் குடும்பப் பெயராகி, அப்படியே ஆறு தலைமுறைக்கு நிலைத்தது. நான் தஞ்சம் கோரிய நாட்டின் அலுவலகமொன்றில் என் தந்தையார் பெயரும் இவ்வாறே என் பிள்ளைகளின் குடும்பப் பெயராயிற்று, அதுவும் ஓர் எழுத்துக் குறைந்து. திருத்தக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இதுவரை பதில் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடலாகாது. இலங்கையில் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948இல் நிறைவேறியது. அதே 1948இல் மொரீசியஸில் நடந்த தேர்தலில், தீவில் வழங்கும் மொழிகளுள் ஏதேனும் ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுத வல்லவர் எவரும் வாக்களிக்கலாம் என்றாயிற்று. கூலிகளின் பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டு வாக்குச் சாவடிக்குச் சென்றனர். 1968இல் நாடு விடுதலை பெற்றபோது முதற் பிரதமரான சிவசாகர் ராம்கூலம், ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவரின் மகன். நாணயத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் இந்தியை அதற்கு முன்வைத்துத் தாள்கள் அச்சிடப்பட்டபோது தமிழர் எதிர்த்தனர், தாள்கள் மீளப் பெறப்பட்டன. இத்தனைக்கும் அங்கு தமிழ் பேசுவோர் மிகச் சிலரே. வீட்டு மொழி கிரியோல். எழுத்துக்காகப் போராடியவர்களுள் பலரால் அவ்வெழுத்தை வாசிக்க இயலாது என்பதில் நகைப்பதற்கு எதுவுமில்லை; நம் வீடுகளில் பிள்ளைகள் எம்மொழியில் சண்டையிடுகின்றனர் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

எஞ்சியிருப்பவை கோயிலும் சமையலும். தைப்பூசக் காவடி அங்கு அரச விடுமுறை நாள். விருந்தில் வாழையிலையில் ஏழு கறிகள் வைக்கின்றனர். இரசத்திற்கு 'ராசோன்' என்று பெயர். பெயர்தான் பிரெஞ்சுச் சாயல், மிளகு நம்முடையது.

செல்ல விரும்புவோர் மே முதல் நவம்பர் வரையிலான காலத்தைத் தெரிந்துகொள்க. தைமாதத்தில் காவடி உண்டு, சூறாவளியும் உண்டு.

கடைசி நாளன்று, விமான நிலையத்திற்குப் போகும் வழியில் சாரதியிடம் சொல்லி ஒரு கற்குவியலின் அருகே வண்டியை நிறுத்தினேன். அவர் தம் பணப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்துக் காட்டினார். மோக்காவிற் பெற்ற பதிவேட்டுப் பிரதி. இந்திய அரசின் வெளிநாட்டு வம்சாவளி அட்டைக்கு விண்ணப்பிக்க, பாட்டனின் பாட்டனுடைய இலக்கம் தேவைப்பட்டதாம். "இதை மறைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள். இப்போது இதைத் தேடி வரிசையில் நிற்கிறோம்" என்றார். பிறகு, "உங்களுக்கும் இலக்கம் கொடுத்தார்களா?" என்று கேட்டார்.

பத்து இலக்கங்களையும் பார்க்காமலே ஒப்புவித்தேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.