கரன்ட் வேண்டாம் என்ற ஊரில் ஒரு கோடை நாள்!

பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிறார்களா? பேரனைப் பார்த்துக்கொள்ள ஜூன் மாதம் பிளேன் ஏறப் போகிறீர்களா? பத்தாவது நாளே அலுத்துவிடும், பாருங்கள். நாலு சுவர், ஒரு டி.வி., ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டமே இல்லாத தெரு! 'எங்கேயாவது போகலாமா, அத்தை?' என்று மாப்பிள்ளை கேட்டால், நயாகராவெல்லாம் அப்புறம்... 'பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் போகலாம்' என்று சொல்லுங்கள். பிலடெல்பியாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான்.

அங்கே இருப்பவர்கள் 'ஆமிஷ்' மக்கள். 1693ல் ஐரோப்பாவில் ஜேக்கப் அம்மான் என்ற பாதிரியாரின் வழியில் தனியாகப் பிரிந்த கிறிஸ்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கே வந்தார்கள். இன்று வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர். வீட்டில் பேசுவது ஒருவகை ஜெர்மன். கார் வாங்குவதில்லை, வீட்டுக்குள் மின்சார கம்பி இழுப்பதில்லை, டி.வி. கிடையவே கிடையாது. அதற்காக நவீனமே தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் உண்டு, பேட்டரி விளக்கு உண்டு. எதை வீட்டுக்குள் விடலாம், எதை வாசலோடு நிறுத்தலாம் என்று சபையாகக் கூடி முடிவு செய்கிறார்கள். அவ்வளவுதான்!

'பேர்ட் இன் ஹேண்ட்' என்று ஒரு சின்ன ஊர். 'கையில் பறவை'... என்ன அழகான பெயர்! ஊருக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையை வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் குதிரை வண்டிகள் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு முக்கோணம்தான் அடையாளம். சைக்கிளுக்குப் பதில், காலால் உந்தித் தள்ளும் ஸ்கூட்டரில் பெண்களும் பிள்ளைகளும் பறப்பார்கள். வயலில் டிராக்டர் இல்லை. கோவேறு கழுதைகள்தான். திங்கட்கிழமை போனீர்களானால், வீட்டுக்கு வீடு உயரக் கட்டிய கொடியில் நீலமும் ஊதாவுமாகத் துணிகள் காயும். வாஷிங் மெஷின் விளம்பரத்துக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். இவர்கள் சாப்பாட்டைப் பார்த்தால் டாக்டர்களுக்கு மயக்கம் வரும். வெண்ணெய், உருளைக்கிழங்கு, இறைச்சி, சர்க்கரைப் பாகில் செய்த 'ஷூஃப்ளை பை'! ஆனால் கனடாவில் உள்ள ஓர் ஆமிஷ் சமூகத்தில் 98 பேரின் இடுப்பில் அடி எண்ணும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். 2004ல் வெளியான கணக்கு இது: ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 18,425 அடிகள், பெண்கள் 14,196 அடிகள். அந்த ஆண்களில் மிகைப் பருமன் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. அதனால், அவர்கள் தட்டைப் பார்த்து நாமும் அதே அளவு சாப்பிடக் கூடாது. நாம் வந்தது காரில், ஞாபகம் இருக்கட்டும்!

இன்னொன்று, ஆஸ்துமா. 2016ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு. ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் 100க்கு 5 பேருக்குத்தான் ஆஸ்துமா. இவர்களைப் போலவே எளிமையாக வாழும் ஹட்டரைட் என்ற பிரிவினரிடம் 21 பேருக்கு. ஏன் இந்த வித்தியாசம்? ஆமிஷ் வீட்டில் மாட்டுத் தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது, குழந்தைகள் அதில் புரண்டு வளர்கின்றன. ஹட்டரைட் பண்ணையில் எல்லாம் இயந்திரம், அதுவும் வீட்டிலிருந்து தள்ளி. இந்தத் தொழுவத் தூசியில் உள்ள கிருமிகள்தான் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகின்றன என்கிறார்கள். உடனே பேரனுக்குக் காய்ச்சாத பாலை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! இரண்டு பிரிவினருமே அதைக் குடிப்பவர்கள்தான், வித்தியாசம் அதனால் வந்ததில்லை. வயிற்றுப்போக்கு வேண்டுமானால் வரும்.

எல்லாமே சொர்க்கம்தானா? இல்லை. பக்கத்து ஊரான ஸ்ட்ராஸ்பர்க்கில் 1989ல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டர் ஒரு குழந்தைகள் கிளினிக்கைத் தொடங்கினார். காரணம் வருத்தமானது. நன்றாகத் தவழ்ந்து சிரித்துக்கொண்டிருந்த குழந்தை, ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு கைகால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில். 'குளூட்டாரிக் அசிடூரியா' என்ற பரம்பரைக் கோளாறு அது. புரதத்தின் ஒரு பகுதியை உடம்பால் சரியாகச் செரித்து வெளியேற்ற முடியாமல் மூளை பாதிக்கப்படுகிறது. இத்தனைக்கும் ஆமிஷ் மக்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளுக்குள் கல்யாணம் செய்வதில்லை! ஆனால் கப்பலில் வந்த சில நூறு பேரின் வாரிசுகளே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் மணந்துகொண்டதில், ஒளிந்திருந்த கோளாறு இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது.

அத்தை மகன், மாமன் மகள், ஏன், தாய்மாமனுக்கே பெண் கொடுக்கும் நமக்கு இது யாரோ வெள்ளைக்காரர் கதையா, சொல்லுங்கள்? அங்கே பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்து, முன்னாலேயே தனி உணவு கொடுத்துப் பல குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். உங்கள் வீட்டில் சொந்தத்தில் கல்யாணம் நடந்து, பேரப்பிள்ளை பிறக்கப்போகிறதா? இந்தச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். கேட்க வெட்கம் என்ன?

மத்தியானம் குழந்தைகளுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் நீராவி ரயில் இருக்கிறது. 1832ல் அனுமதி வாங்கிய கம்பெனி! முக்கால் மணி நேரம் வயல்களுக்கு நடுவே 'குப்குப்' என்று போய்வரும். சைவக்காரர்கள் மட்டும் கொஞ்சம் உஷார்: 'பை'யின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, பீன்ஸிலும் பன்றி இறைச்சி கிடக்கலாம். கேட்டு வாங்குங்கள். சுட்ட ப்ரெட், வேகவைத்த மக்காச்சோளம், புதினா டீ... போதுமே!

ஞாயிறு போகாதீர்கள், ஆமிஷ் கடைகள் மூடியிருக்கும். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், அவர்கள் மதத்தில் அது தவறு.

திரும்பும்போது பண்ணை வாசலில் ஒரு மேஜை இருக்கும். தக்காளி, சோளம், விலை எழுதிய அட்டை, பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஆள் இருக்க மாட்டார். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குள் இருட்டிவிட்டால் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். தெருவிளக்கில்லாத அந்தச் சோளக்காட்டின் மேல் மின்மினிகள் கிளம்பும். பேரனுக்குக் காட்டுங்கள்.