ராக்கெட்டின் உயிர் ஒரு முடிச்சில்!

செஞ்சியில் ராஜகிரி மலைக்கோட்டை ஏறியவர்களுக்கு அந்த இடம் மறக்காது. வியர்த்து விறுவிறுத்து உச்சியை நெருங்கும் நேரத்தில், பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். நடுவே ஆழமான பள்ளம். அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம். போர்க்காலத்தில் அந்தப் பாலத்தை அகற்றிவிட்டால், கீழே எத்தனை ஆயிரம் வீரர்கள் நின்றாலும் உச்சிக்கு வர வழியில்லை. அத்தனை பெரிய மலைக்கோட்டையின் பலம், கழற்றக்கூடிய ஓர் இணைப்பில் இருந்தது.

இந்தக் கோட்டையை 1780 நவம்பரில் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது ஹைதர் அலியின் படை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். பீரங்கிகளோடு ராக்கெட்டுகளும் சீறின. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சரணடைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே இறந்துபோனார்.

தோல் வாரின் பலம்

மைசூர் ராக்கெட்டின் ரகசியம் இரும்புக் குழல் என்பார்கள். அது உண்மைதான். காகித, மூங்கில் குழல்களைவிட இரும்பு அதிக அழுத்தம் தாங்கியது. அதனால் ராக்கெட் அதிக தூரம் போனது. ஆனால் கனமான அந்தக் குழலை நேராகப் பறக்கவைத்தது, அதோடு சேர்த்துக் கட்டிய நீளமான மூங்கில் கழி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தது, தோல் வார்!

ஆணி இல்லை, திருகாணி இல்லை. ஏன் என்று யோசித்தால் அந்தக் கட்டின் அருமை புரியும். மூங்கிலில் ஆணி அடித்தால் பிளக்கும். மருந்து நிரப்பும் குழலில் துளை போட்டால், அந்த வழியாகவே நெருப்பு வெளியேறும். தோல் வாருக்கு இந்த இரண்டு சிக்கலும் கிடையாது. மிருதங்கத்தில் வார் பிடிப்பவர்களைக் கேட்டால், இழுத்துக் கட்டிய தோல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று சொல்வார்கள்.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு, மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தபோது, தோல் வாருக்குப் பதில் குழலின் பக்கவாட்டில் உலோகப் பட்டைகளைப் பொருத்தி, அவற்றில் கழியைச் செருகினார். 1815-ல் கழியைப் பக்கவாட்டிலிருந்து குழலின் அடிப்பக்க மையத்துக்கே மாற்றினார். ராக்கெட் இன்னும் நேராகப் பறக்க, அதுவும் ஒரு காரணம்.

ஒரு நட்டு செய்த வேலை

தோல் போய் எஃகு வந்துவிட்டது. ஆனால் பிரச்னை மாறவில்லை. 2006 மார்ச் 24 அன்று, பசிபிக் கடலின் ஓமெலெக் தீவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 கிளம்பியது. அரை நிமிடத்தில் தீப்பிடித்து விழுந்தது. காரணம், எரிபொருள் குழாயில் இருந்த ஓர் அலுமினிய நட்டு. தீவின் உப்புக்காற்றில் அரித்து, விரிசல் விட்டிருந்தது. மாணவர்கள் உருவாக்கிய செயற்கைக்கோள், அதே தீவில் ஒரு கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது.

2015 ஜூன் 28 அன்று அதே நிறுவனத்தின் ஃபால்கன் 9 வானில் சிதறியது. உள்ளே ஹீலியம் கலனைப் பிடித்திருந்த தாங்குகம்பி, தாங்கவேண்டிய எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கே முறிந்துவிட்டது என்றது நிறுவனம். அந்தக் கம்பியின் முனையிலிருந்த கண் போல்ட்டு, விண்வெளிக்கான தரத்தில் இல்லாத, தொழிற்சாலைத் தரப் பொருள் என்று நாசாவின் ஆய்வு சுட்டிக்காட்டியது.

பிடிக்க ஒன்று, விட ஒன்று

வெளிநாடுகளில் பொழுதுபோக்காக மாடல் ராக்கெட் செய்பவர்கள், ஒவ்வோர் இணைப்பிலும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: 'இது கடைசிவரை பிடிக்கவேண்டுமா, சரியான நேரத்தில் விடவேண்டுமா?'

பாராசூட் கயிறு மாட்டும் கண் போல்ட்டு, பிடிக்கவேண்டிய இணைப்பு. கம்பியை வளைத்து, வாய் ஒட்டாமல் விட்ட போல்ட்டு திடீர் இழுப்பில் விரிந்துவிடும். அதனால் வாய் மூடிப் பற்றவைத்ததைத்தான் எடுப்பார்கள். ஒட்டுப்பலகையைப் பிய்த்துக்கொண்டு வராமலிருக்க அகலமான வாஷர். அதிர்வில் கழலாமலிருக்க நைலாக் நட்டு.

கூம்பு முனையைப் பிடிக்கும் திருகாணிகளோ, விடவேண்டியவை. அவை பெரும்பாலும் மெல்லிய நைலானில் இருக்கும். மேலே போனதும் சிறு வெடிப்பில் அவை அறுந்தால்தான் பாராசூட் வெளியே வரும். 'பலமாக இருக்கட்டுமே' என்று அங்கே இரும்பு ஸ்க்ரூ போட்டால், ராக்கெட் ஈட்டி மாதிரி தரையில் இறங்கும். இன்னொன்று, அடிப்பக்கம் இரும்பைக் கூட்டக் கூடாது. பின்பாரம் கூடினால் ராக்கெட் நேராகப் போகாது.

வீட்டில் செய்து பார்க்கலாம்

வெடிமருந்து கலப்பது, பட்டாசைப் பிரிப்பது வேண்டவே வேண்டாம். உரிமமில்லாமல் வெடிபொருள் தயாரிப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. பிள்ளைகளோடு செய்ய, தண்ணீர் ராக்கெட் இருக்கிறது. காலி குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் ரப்பர் அடைப்பான், சைக்கிள் பம்ப், அவ்வளவுதான். யாரும் அதன் மேல் குனியாமல், தள்ளி நின்று காற்றடிக்கவேண்டும்.

அட்டைச் சிறகுகளை ஒட்ட, பாட்டிலைச் சுற்றி டேப் போதும். சூடான பசை பாட்டிலை இளக்கிவிடும். ஆணி, ஸ்க்ரூ கிட்டவே வரக்கூடாது. அழுத்தம் தாங்கும் சுவரில் துளை விழுந்தால் பாட்டில் கிழிந்துவிடும். கேரி பேக்கில் பாராசூட் செய்தால், நூலை பாட்டிலோடு இறுக்கிக் கட்டி, மேலே மூடும் கூம்பைத் தளர்வாக வைக்கவேண்டும்.

தீபாவளி ராக்கெட்டுக்கும் இதே கணக்குதான். குச்சி ஆடினாலோ, முறிந்திருந்தாலோ, அதைப் பற்றவைக்காமல் ஒதுக்கிவிடுவது நல்லது. குச்சி இல்லாத ராக்கெட், எந்த வீட்டு ஜன்னலைத் தேடிப்போகும் என்று சொல்ல முடியாது.

2015 விபத்துக்குப் பிறகு, ஒவ்வொரு தாங்குகம்பியையும் தனித்தனியாகச் சோதிப்போம் என்று அறிவித்தது ஸ்பேஸ்எக்ஸ். மொட்டைமாடியில் அந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. ராக்கெட்டை விடுவதற்கு முன், ஒவ்வொரு முடிச்சையும் பிள்ளையே ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். கையோடு வந்துவிட்டால், நல்லதாகப் போயிற்று என்று மறுபடி கட்டிக்கொள்ளலாம்.