வெப்பப் போர்வையைப் பொருத்தும் முறைகள்

குளிர்காலத்தில் வட இந்தியாவில் தேங்காயெண்ணெயைப் பீப்பாய்களில் வைத்துக் கையாளுவோர் நன்கறிந்த தொல்லை ஒன்றுண்டு. உஷ்ணநிலை சுமார் 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் அவ்வெண்ணெய் உறைந்துவிடும். பீப்பாயின் அடியில் தீ மூட்டி இளக்குவது அபாயகரமானது. ஆதலின், பீப்பாயைச் சுற்றி மின்சார வெப்பப் போர்வையைப் பொருத்தும் முறை கையாளப்படுகிறது. தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் இது பயன்படுகிறது.

கண்ணாடி இழை சேர்ந்த சிலிகோன் ரப்பர்த் தாள்கள் இரண்டிற்கு இடையே மின்தடைக் கம்பியை அமைத்து இப்போர்வை செய்யப்படுகிறது. இதன் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். சுமார் 200 டிகிரி வரை தாங்கவல்லது. அவ்வாறிருந்தும், போர்வை சிற்சில இடங்களில் கருகிப் பழுதடைவதுண்டு. போர்வைக்கும் கலத்திற்கும் இடையே தங்கிவிடும் காற்றே இதற்கு முக்கிய காரணமாகும்.

காற்றினால் விளையும் தீங்கு

சதுர சென்டிமீட்டருக்கு அரை வாட் வீதம் வெப்பம் தரும் போர்வை ஒன்றைக் கருதுவோம். ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் அளவு காற்று தங்கியிருப்பின், கடத்தலை மட்டும் கணக்கிட்டால், அவ்விடத்தில் போர்வை கலத்தின் சுவரைவிடச் சுமார் 95 டிகிரி மிகுதியாகச் சூடேறும். அதே இடைவெளியைச் சிலிகோன் பசை நிரப்பியிருப்பின் வேறுபாடு ஏறத்தாழ 12 டிகிரியே. வெப்பக் கடத்தல் பாடத்திற்கு ஆசிரியர்கள் இக்கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கலத்தின் சுவரில் பதித்த தெர்மோஸ்டாட் சுவரின் உஷ்ணத்தையே அறியும். போர்வையின் ஒரு மூலை கருகுவதை அது உணராது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று முறைகள்

முதலாவது, பின்புறத்தில் பசை பூசப்பட்ட போர்வையை அழுத்தி ஒட்டுதல். இது சமதளத்திற்கும் ஒரே திசையில் வளைந்த பரப்பிற்கும் ஏற்றது. கோள வடிவப் பரப்பிற்கு ஏற்றதன்று. பிற முறைகளைவிடக் குறைந்த உஷ்ணத்திற்கே இது உதவும்.

இரண்டாவது, அறை உஷ்ணத்தில் இறுகும் சிலிகோன் பசையைப் பூசி நிலையாக ஒட்டுதல். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றிலும் நீக்கிய பின்னரே பசையைப் பூச வேண்டும். போர்வையின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உருளையால் உருட்டினால் காற்று வெளியேறிவிடும். பசை முற்றும் இறுகுமுன் மின்சாரம் செலுத்தலாகாது.

மூன்றாவது, கொக்கிகளையும் சுருள்வில்லையும் கொண்டு இழுத்துக் கட்டுதல். அடிக்கடி மாற்றப்படும் பீப்பாய்களுக்கு இதுவே சிறந்தது. சூடேறும்போது கலம் விரிவடையுமாதலால், வில் நீண்டு இடங்கொடுத்து இறுக்கத்தையும் காக்கிறது. இரும்புப் பீப்பாயின் உடலில் வளையம்போல் புடைத்துள்ள மேடுகளின்மீது போர்வை ஏறினால் இருபுறமும் இடைவெளி உண்டாகும். ஆகையால் அதனைக் கீழ் மேட்டிற்கும் அடிவிளிம்பிற்கும் இடையே கட்டுதல் வேண்டும்.

மனத்திற் கொள்ள வேண்டியவை

எம்முறையிலும் போர்வையின் ஒரு பகுதி மற்றொன்றின்மீது மடிந்து படியலாகாது; அவ்விடத்தில் வெப்பம் இரட்டிக்கும். கலத்திலுள்ள பொருளின் மட்டம் போர்வையின் மேல்விளிம்பிற்குக் கீழே இறங்கிய நிலையில் மின்சாரம் செலுத்தலாகாது. உலோகக் கலத்தைத் தவறாமல் பூமியுடன் இணைத்தல் வேண்டும். இவற்றைச் சரிபார்த்த பின்னரே போர்வையின்மீது வெப்பங்காக்கும் உறையை மூட வேண்டும். மூடியபின் அடியிலுள்ள இடைவெளி கண்ணுக்குப் புலப்படாது.