பன்றிக்கு எந்தத் தோட்டா?

டெக்சாஸில் காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், .223 போதுமா, .308 வேண்டுமா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அந்த எண் சொல்வது குண்டின் குறுக்களவை, அதுவும் ஏறத்தாழ அங்குலக் கணக்கில். உடம்புக்குள் போன பிறகு குண்டு என்ன ஆகும் என்பது அதில் தெரியாது. பன்றி விஷயத்தில் கேள்வியே அதுதான்.

முதிர்ந்த ஆண்பன்றியின் தோள்பட்டையில், தோலுக்கு அடியில், கெட்டித் திசு கேடயம்போலப் படிந்திருக்கும். ஆணும் ஆணும் மோதும்போது எதிரியின் கோரைப்பல் விலாவில் இறங்காமல் காப்பது அதுதான். வயது ஏற ஏறத் தடிக்கும். ஒரு அங்குலத்தைத் தொடுவதும் உண்டு. அதன்மேல் முரட்டு மயிர், அதற்கும் மேல் புரண்டெழுந்த சேறு. இதயமோ மானுக்கு இருப்பதைவிட முன்னால் தள்ளி, தாழ்வாக, முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது. மான் சுட்டுப் பழகிய கை தோளுக்குப் பின்னால் குறிவைத்தால் கல்லீரலிலோ குடலிலோ போய்ப் படும். பன்றி ஓடிவிடும். கொழுப்பு துளையை அடைத்துக்கொள்வதால் ரத்தத் தடமும் சரியாகக் கிடைக்காது. குண்டு மறுபக்கம் வெளியேற வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்கு விடை பன்றியிடமிருந்து வரவில்லை. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் மூஸ் என்கிற ராட்சத மானைச் சுட்டார். அதன் உடம்பெல்லாம் காய்ந்த சேறு. கையில் இருந்தது பலத்த .300 மேக்னம், அப்படியும் குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. ஊர் திரும்பியவர், குண்டின் செம்பு உறைக்குள் நடுவே ஒரு குறுக்குச் சுவர் வைத்து, முன்னும் பின்னும் தனித்தனியாக ஈயம் நிரப்பினார். முன்பாதி விரிந்து காயத்தை அகலமாக்கும். பின்பாதி எடை குறையாமல் உள்ளே துளைத்துப் போகும். 1948-இல் 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஈயத்தை உறையோடு பிணைத்த குண்டும், முழுச் செம்புக் குண்டும் இதே நோக்கத்தில் செய்யப்பட்டவைதான்.

.223-இல் சிறு பிராணிகளுக்கென்று வரும் 55 கிரெயின் குண்டு, அதாவது மூன்றரை கிராம் சொச்சம், பட்டவுடன் சிதறும். கேடயத்தின்மேல் அது வீண். அதே துப்பாக்கியில் 62 கிரெயின் பிணைத்த குண்டைப் போட்டு, கிட்டத்தில், காதுக்குப் பின்னால் அடித்தால் கதை வேறு. ராணுவ பாணி முழு உறைக் குண்டு மலிவு. ஆனால் விரியாமல் ஊசிபோலப் போய்விடும். பல மாநிலங்களில் வேட்டைக்கு அதற்குத் தடையும் உண்டு. என்னைக் கேட்டால், 150 கிரெயின் பிணைத்த குண்டோடு .308. ஆற்றல் .223-ஐப்போல இரு மடங்கு. குறி கொஞ்சம் பிசகினாலும் எலும்பை உடைத்துப் போகும். கலிபோர்னியாவில் இந்த யோசனைக்கே இடமில்லை. ஈயம் தின்று காண்டோர் கழுகுகள் சாவதால், 2019 ஜூலை முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, பன்றிக்குப் பெரும்பாலும் செம்புதான்.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், விழும் இடமும் மாறும். தோட்டாவை மாற்றியவர் நாலைந்தையாவது காகிதத்தில் சுட்டுக் குறியைச் சரிசெய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.