ஒரு பெண்குரலும் மூன்று ஆண்குரல்களும்



1960ஆம் ஆண்டுகளின் மேனாட்டு இசை என்றதும் மின்கிதாரும் முரசும் அதிரும் ராக் இசைதான் பலருக்கும் நினைவில் எழும். அந்த ஆரவாரத்திற்கு நடுவே, மின்கருவிகளை நம்பாமல், ஒரு பெண்ணை முன்னிறுத்திப் பாடி உலகை வலம் வந்தது ஓர் ஆஸ்திரேலியக் குழு. 'தி சீக்கர்ஸ்' என்பது அதன் பெயர். தேடுவோர் என்று பொருள். இதை ராக் குழு என்பதா, நாட்டுப்பாடல் குழு என்பதா என்று வழக்காடுவோர் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்; பாட்டைப் பார்ப்போம்.

குழு 1962இல் மெல்போர்ன் நகரில் தோன்றியது. அதோல் கை பெரிய பாஸ் வயலினை நிறுத்தி வைத்து வாசிப்பார். புரூஸ் வுட்லி கிதார். கீத் பாட்ஜர் பன்னிரண்டு தந்திக் கிதார். இந்தக் கீத் பாட்ஜர் நமக்கு அண்டை வீட்டுக்காரர் மாதிரி: 1941இல் கொழும்பில் பிறந்து, சிறுவனாய் ஆஸ்திரேலியா சென்றவர். அங்கே வானொலி நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக வேலை பார்த்தார்.

நான்காமவர்தான் ஜூடித் டர்ஹம். 1943இல் பிறந்தவர். பியானோ இசையில் முறையாகத் தேர்ச்சி பெற்றவர். ஒரு விளம்பர நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தபோது, அங்கேயே பணியாற்றிய அதோல் கை அவரைப் பாட அழைத்தார். குழுவின் முந்தைய பாடகர் திருமணம் செய்துகொண்டு விலகியிருந்த நேரம் அது.

1964இல் நால்வரும் 'ஃபேர்ஸ்கை' என்னும் கப்பலில் பயணிகளுக்குப் பாடிக்கொண்டே இங்கிலாந்து சென்றார்கள். சில வாரங்கள் தங்கித் திரும்புவதே திட்டம். ஆனால் அங்கே டாம் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பாடலாசிரியர் அவர்களுக்காகவே எழுதிய 'ஐல் நெவர் ஃபைண்ட் அனதர் யூ' என்ற பாடல், 1965 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. திரும்பும் பேச்சு அதோடு நின்றது.

அதே ஆண்டின் இறுதியில் வந்தது 'தி கார்னிவல் இஸ் ஓவர்'. இதன் வரலாறு சுவையானது. மெட்டு ரஷ்ய நாட்டினுடையது. ஸ்டென்கா ராசின் என்ற கலகத் தலைவனையும், வோல்கா ஆற்றில் எறியப்பட்ட பாரசீக இளவரசியையும் பற்றிய பாடலின் மெட்டு அது. ஸ்பிரிங்ஃபீல்டு அதை எடுத்து, காதலர் பிரியும் பாட்டாக மாற்றினார். வோல்காவும் போயிற்று, வாளும் போயிற்று. துயரம் மட்டும் மெட்டில் தங்கிவிட்டது. பிரிட்டனில் மட்டும் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்றன. 1966இல் வெளிவந்த 'ஜார்ஜி கேர்ள்' திரைப்படப் பாடல் அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. 1967 மார்ச் 12ஆம் நாள் மெல்போர்ன் திறந்தவெளி அரங்கில் இவர்களைக் கேட்க ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். அந்நகரின் மக்கள் தொகையே அப்போது இருபது இலட்சம் அளவுதான்!

இவர்கள் பாடும் முறையைச் சற்று விளக்க வேண்டும். நம் இசையில் பாடகர் எத்தனை பேரானாலும் ஒரே சுருதியில், ஒரே மெட்டையே பாடுவார்கள். இவர்களோ ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடி ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். ஆண்குரல்கள் தரை, பெண்குரல் அதன்மேல் நடக்கும். ஜூடித்தின் குரலில் நடுக்கமோ அலங்காரமோ குறைவு. ஒவ்வொரு சொல்லும் நறுக்கென்று விழும். ஆங்கில உச்சரிப்புப் பழக விரும்பும் மாணவர்களுக்கு நான் இவர்கள் பாட்டைத்தான் சிபாரிசு செய்வேன்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. ஜூடித்துக்கு நான்கு வயதில் தட்டம்மை கண்டது. அது விட்டுச் சென்றது ஒரு நுரையீரல் நோய். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சளி வெளியேறாமல் தேங்கி, அடிக்கடி தொற்றும் இருமலும் வரும். முற்றிலும் குணமாகாத நோய். தட்டம்மைக்குத் தடுப்பூசி 1963இல்தான் வந்தது. அவருக்கு அது உதவவில்லை. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளே என் வகுப்பில் ஒரு வாழ்த்துப் பாட்டை முடிப்பதற்குள் நான்கு இடத்தில் மூச்சு வாங்குவார்கள். பழுதுபட்ட நுரையீரலோடு இந்தப் பெண்மணி அத்தனை நீண்ட அடிகளை அறுபடாமல் பாடியிருக்கிறார். பாடலைக் கேட்க நேர்ந்தால், அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

1968 ஜூலையில், புகழின் உச்சியிலேயே, ஜூடித் தனியே பாட விரும்பி விலகினார்; குழு கலைந்தது. அதோல் கை விக்டோரியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். கீத் 'நியூ சீக்கர்ஸ்' என்ற புதுக்குழுவை உருவாக்கினார். புரூஸ் இன்னொருவரோடு சேர்ந்து 1987இல் எழுதிய 'ஐ ஆம் ஆஸ்திரேலியன்' அந்நாட்டுப் பள்ளிகளில் பாடப்படுகிறது. 1990இல் ஜூடித் கார் விபத்தில் படுகாயமடைந்தார். 1993இல் நால்வரும் மீண்டும் மேடையேறினார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் உடற்குறையுடையோர் ஒலிம்பிக் நிறைவு விழாவில், இடுப்பு எலும்பு முறிந்திருந்த ஜூடித் சக்கர நாற்காலியில் அமர்ந்தே பாடினார்.

2013 மே மாதம், பொன்விழாச் சுற்றுப்பயணத்தின்போது அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. விளைவு விந்தையானது. எழுதப் படிக்க இயலவில்லை. சிறு வயது முதல் கற்ற இசைக் குறியீடுகளும் பிடிபடவில்லை. ஆனால் பாடும் ஆற்றல் மட்டும் அப்படியே இருந்தது. எழுத்தறிவும் பாட்டும் மூளையில் ஒரே பெட்டியில் வைக்கப்பட்டவை அல்ல போலும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை, கேட்ட பாட்டைப் பிசகாமல் பாடுவதை ஆசிரியர்கள் நாம் பார்த்ததில்லையா? எழுபது வயதை எட்டும் நிலையில் அவர் பாலர் வகுப்புப் பிள்ளைபோல் மீண்டும் எழுதப் படிக்கப் பழகினார்.

அடுத்த ஆண்டே நின்றுபோன சுற்றுப்பயணம் தொடர்ந்தது. 2014இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நால்வரும் பாடினார்கள். 2022 ஆகஸ்டு 5ஆம் நாள், நான்கு வயதிலிருந்து தம்மோடு வந்த அந்த நுரையீரல் நோய் முற்றி, தமது 79ஆம் வயதில் மெல்போர்னில் ஜூடித் டர்ஹம் காலமானார்.