புதுக்கோட்டையிலிருந்து மூணாறு, தேக்கடி, ஆலப்புழை: வண்டி பேசும் முன் ஒரு கணக்கு

மலையும் பார்க்க வேண்டும், படகிலும் ஏற வேண்டும், நாலைந்து நாளில் வீடு திரும்ப வேண்டும். இப்படி நினைக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஏற்ற சுற்று மூணாறு, தேக்கடி, ஆலப்புழை. மாலை போட்டுச் சபரிமலை போனவர்களுக்குக் கம்பம், குமுளி வழி புதிதல்ல. ஆனால் சாமியைப் பார்த்துவிட்டு உடனே திரும்புவது வேறு. குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு நாலு இரவு வெளியே தங்குவது வேறு. இதில் பணமும் உடம்பும் எங்கே அடி வாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம்? திருமயம், திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அங்கிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனி 75, போடி இன்னும் 15. போடியிலிருந்து மூணாறு 70 கிலோமீட்டர்தான். ஆனால் போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் அதற்கு மட்டும் இரண்டரை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மூணாறு போய்விடலாம்.

எத்தனை நாள் வேண்டும்? ஐந்து பகல், நாலு இரவு. மூணாற்றில் இரண்டு இரவு, தேக்கடியை ஒட்டிய குமுளியில் ஒன்று, ஆலப்புழையில் ஒன்று. கொடைக்கானலையும் அதிரப்பள்ளியையும் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றே நான் சொல்வேன். இடம் கூடக்கூட நீங்கள் பார்ப்பது வண்டியின் சன்னலை மட்டும்தான்.

இனி வாடகை. பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது. இன்னொன்று, டீசலோடு சேர்த்து மொத்தமாக ஒரு நாளுக்கு இவ்வளவு என்பது. கேட்டவுடன் முதலாவது மலிவாகத் தோன்றும். அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும்: ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடாவிட்டாலும் அதற்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும்.

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். தவறில்லை. வண்டி சும்மா நின்றாலும் உரிமையாளருக்குச் செலவு உண்டு. ஆனால் இந்தப் பயணத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. திருச்செந்தூர் போய்வந்தால் வண்டி நாள் முழுக்க ஓடும். மூணாற்றில் நாள் முழுக்கச் சுற்றினாலும் அறுபது கிலோமீட்டர் தாண்டுவது அரிது. ஆலப்புழையில் நீங்கள் படகில் இருக்கும்போது வண்டி கரையில் நிற்கும்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். போக 270, மூணாறு சுற்ற 60, மூணாற்றிலிருந்து தேக்கடி சுற்றலோடு சேர்த்து 110, தேக்கடியிலிருந்து ஆலப்புழை 140, அங்கே உள்ளூரில் 20, கொல்லம், செங்கோட்டை, ராஜபாளையம், மதுரை வழியாக வீடு திரும்ப 440. மொத்தம் 1,040 கிலோமீட்டர். நாளுக்கு 300 என்ற நிபந்தனைப்படி ஐந்து நாளுக்கு 1,500. ஓடாத 460 கிலோமீட்டருக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். கிலோமீட்டர் 14 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 6,440 ரூபாய். அதனால் இரண்டு விதத்திலும் விலை கேட்டு, இப்படித் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் நள்ளிரவு 12 முதல் மறுநாள் நள்ளிரவு 12 வரைதான் ஒரு நாள். கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கிளம்பினால், அந்த இரண்டு மணி நேரம் ஒரு முழு நாளாகக் கணக்கில் ஏறும். மேலே சொன்ன கணக்கில் 1,500 என்பது 1,800 ஆகிவிடும். திரும்பும்போது ஊர் எல்லையில் 12 தாண்டினாலும் இதே கதைதான்.

மீட்டர் எங்கிருந்து ஓடும்? ‘ஷெட் டு ஷெட்’ என்பார்கள் (வண்டி நிற்குமிடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி அங்கே சேரும்வரை). நீங்கள் ஆலங்குடியிலோ பொன்னமராவதியிலோ இருந்து, வண்டி திருச்சியிலிருந்து வந்தால் போகவர அந்தத் தூரமும் உங்கள் தலையில் விழும். பக்கத்து ஊர் வண்டியைப் பிடிப்பது நல்லது.

இவை போக டோல், பார்க்கிங், மலை ஏறுவதற்கான கூடுதல் தொகை, கேரள பர்மிட், டிரைவர் பேட்டா (சாப்பாட்டுக்கும் இதரச் செலவுக்குமான அன்றாடப் படி) உண்டு. எவை வாடகைக்குள், எவை தனி என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு கடைசி நாளில் நிற்காது.

பர்மிட் என்பது வண்டி வாடகைக்கு ஓட அரசு தரும் அனுமதி. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். அகில இந்திய சுற்றுலா பர்மிட் இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் பர்மிட் இருந்தால், கேரளத்துக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் தனியாகக் கட்ட வேண்டும். கட்டாமல் போய் எல்லையில் நின்றால் உங்கள் அரை நாள் போய்விடும். கிளம்புவதற்கு முதல் நாளே ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய கவலை, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக ஒரு குடும்பத்தையே பாதுகாப்பில்லாமல் மலையேற்ற வேண்டாம். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு, காப்பீடு, தகுதிச் சான்று (எஃப்.சி.) எதுவரை செல்லும் என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

டிரைவரைப் பற்றி யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை. ஐந்து நாளும் உங்கள் உயிர் அவர் கையில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே பொதுவாக நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. இரவெல்லாம் ஓட்டிவிட்டுக் காலையில் போடிமெட்டு ஏறச் சொல்வது அவருக்கும் உங்களுக்கும் செய்யும் கொடுமை. அறை பதிவு செய்யும்போதே ‘டிரைவர் ரூம் இருக்கிறதா’ என்று கேளுங்கள். இல்லையென்றால் மூணாற்றுக் குளிரில் அவர் வண்டிக்குள் சுருண்டு படுப்பார். மறுநாள் கண் எரிச்சலோடுதான் வளைவுகளில் ஓட்டுவார். மலைச்சாலையில் பழகியவரா என்றும் முன்பே விசாரியுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

திரும்பி வரும் நாளும் கடினமானது. ஆலப்புழையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகும். ஒரே மூச்சில் வர வேண்டாம் என்று நினைத்தால் குற்றாலத்திலோ மதுரையிலோ ஒரு இரவு தங்கிவிடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் அதுவே சரி. வாடகை ஒரு நாள் கூடும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. நம் ஊரில் ஆடி வெயில் அடிக்கும்போது அங்கே மண் சரியும். 2020 ஆகஸ்ட்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் புதைந்து 70 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம். குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் சாலையில் நேரம் இரட்டிப்பாகும், கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் நடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரிக் கடைசி வாரம் எனக்குப் பிடித்த நேரம். குறிஞ்சி பூப்பதைப் பார்க்க விரும்பினால் காத்திருக்க வேண்டும்: 2018-இல் பூத்தது, பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030.

இ-பாஸ் வேண்டுமா என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. மூணாறு கேரளத்தில் இருப்பதால் அந்த இ-பாஸ் அங்கே தேவையில்லை.

மூணாற்றில் இரவிகுளத்துக்கும், தேக்கடியில் படகுத்துறைக்கும் உங்கள் வண்டி போகாது. வெளியே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும். வரிசை நீளும். சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, அதில் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

தேக்கடி ஏரியைப் பார்க்கும்போது மேலூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1895-இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உருவான ஏரி இது. இந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, பெரியாறு கால்வாய் வழியாக மேலூர் வயல்களுக்கு வருகிறது. முதல் நாள் காலையில் வண்டியிலிருந்து நீங்கள் பார்த்த பச்சை இந்த ஏரியின் பச்சைதான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மேலூரைக் கடக்கும்போதே சொல்லத் தொடங்கினால் இன்னும் நல்லது.

அந்த ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடுப்பு தந்தால் கரைக்குத் திரும்பும்வரை கழற்றாதீர்கள். யானை தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடவும் கூடாது.

ஆலப்புழைப் படகு வீடுகள், நெல் ஏற்றப் பயன்பட்ட கெட்டுவள்ளத்தின் (பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த பெரிய படகு) வழிவந்தவை. இங்கே பலரும் ஏமாற்றமடைவது நேர விஷயத்தில். மதியம் பன்னிரண்டு மணியளவில் ஏற்றிக்கொள்வார்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் கரையில் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் இரவில் காயல் (கடலோர உப்பங்கழி) மீனவர்களின் வலைகளுக்கு உரியது. மறுநாள் காலை ஒன்பதுக்கு இறக்கிவிடுவார்கள். ஆக, ஓர் இரவுக்குப் பணம் கொடுத்தாலும் படகு ஓடுவது சில மணி நேரம்தான். ஏ.சி. பல படகுகளில் இரவு மட்டுமே. இந்த இரண்டையும் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். படகின் உரிமம், உயிர்காப்பு உடுப்புகள், தடுப்புக் கம்பி ஆகியவற்றை ஏறும் முன் பாருங்கள். தவழும் குழந்தை இருந்தால் படகில் இரவு தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகலில் சிக்காரா எனப்படும் சிறு படகை மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டு, இரவு கரையில் தங்கலாம். சிறு வாய்க்கால்களுக்குள் புகுந்து போவதால் குட்டநாட்டின் கடல் மட்டத்துக்குக் கீழான வயல்களை அதில் நன்றாகவே பார்க்கலாம். சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கரிமீன் வறுவல் வந்துவிடும்.

வீட்டில் யாருக்கேனும் படகு ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகமா? முதலில் நம் மாவட்டத்திலேயே மீமிசல் அருகே முத்துக்குடாவுக்குக் கூட்டிப்போய், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகில் ஏற்றிப் பாருங்கள்.

வண்டி வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வாரம் இருமுறை ஓடும் வேளாங்கண்ணி – எர்ணாகுளம் விரைவு ரயில் அறந்தாங்கி, காரைக்குடி, செங்கோட்டை, கொல்லம், கோட்டயம் வழியாகப் போகிறது. கோட்டயத்தில் இறங்கினால் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு ஆலப்புழைக்கு உண்டு. உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து, பேருந்துக் கட்டணம் போன்ற சிறு தொகையில், இரண்டரை மணி நேரக் காயல் பயணம். மழைக்காலத்திலும் ஆகாயத்தாமரை அடைக்கும்போதும் வழி மாறும் என்பதால் படகு நேரத்தைக் கோட்டயத்தில் இறங்கியதும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் போகிறவர்கள் கிளம்பும்போது மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுங்கள். திரும்பியதும் இன்னொரு படம் எடுங்கள். டோல், பார்க்கிங் சீட்டுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். கணக்கு முடிப்பதை வீட்டு வாசலில் எல்லோரும் களைத்து நிற்கும் இரவு நேரத்தில் வைத்துக்கொள்ளாமல், டிரைவருக்கு அவர் பேட்டாவை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் உரிமையாளரிடம் சீட்டுகளோடு உட்கார்ந்து முடியுங்கள்.