கொட்டிலைச் சுற்றி ஒரு காவல் வளையம்

"நோய் வந்தபிறகு ஊசி எதற்கு?" சேலையூரிலும் முடிச்சூரிலும் பம்மலிலும் ஒன்றிரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் உழைப்பாளி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நோய் கண்ட மாட்டுக்குத் தடுப்பூசி மருந்தாகாது. ஆனால் தோழர்களே, அவசரத் தடுப்பூசி அந்த மாட்டுக்காகவா? இல்லை! அடுத்த தெருவிலே, இன்னும் நோய் தீண்டாமல் நிற்கிறதே, அந்த மாட்டுக்காக!

ஒரு கூரை பற்றிக்கொண்டால் என்ன செய்கிறோம்? சுற்றியுள்ள கூரைகளை நனைக்க ஓடுகிறோம். அதே முறைதான் இங்கும். நோய் கண்ட ஊரைச் சுற்றி வளையம் வகுத்து, வெளி விளிம்பிலே தொடங்கி உள்நோக்கி ஊசி போட்டு வரவேண்டும். ஊசி ஏறிய மறுநாளே காப்பு வந்துவிடாது, நாட்கள் பிடிக்கும். அதுவரை மாடு ஊர் தாண்டக்கூடாது. ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை மறு மாட்டுக்குக் குத்தவும் கூடாது. குத்தினால் காப்பவரே நோயைக் கடத்துபவர் ஆகிவிடுவார்!

2001இல் பிரிட்டனைக் கோமாரி தாக்கியது. செல்வச் சீமை என்ன செய்தது? ஊசியை ஒதுக்கிவிட்டு, 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்று குவித்தது. இறைச்சி ஏற்றுமதிச் சந்தை கெட்டுவிடுமாம்! அதே ஆண்டில் உருகுவே நாடு தன் மாடுகளுக்கு ஊசி போட்டது, நோயை அடக்கியது, மாடுகளையும் காத்தது. ஒற்றைப் பசுவை நம்பி அடுப்பு மூட்டும் நம் வீடுகளுக்கு எது பொருந்தும் என்று சொல்லவும் வேண்டுமா?

நம் மண்ணுக்கும் இதில் வரலாறு உண்டு. தலைமுறை தலைமுறையாக மந்தைகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது 1995இல், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியிலே. ஊசியே அதை விரட்டியது. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். 2022இல் தோல் கழலை நோய் ராஜஸ்தானையும் குஜராத்தையும் சூறையாடியபோது, அதற்கென்று தனி ஊசி கையில் இல்லை. ஆட்டம்மைத் தடுப்பூசியைக் கொண்டே மாடுகளுக்கு அணை கட்டினார்கள்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். "ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறைகிறதே" என்கிறார் கறவைக்காரர். அதை அறியாமை என்று ஏசுவது எளிது. ஏசுகிறவர் வீட்டில் அந்த இரண்டு நாள் கூலி போவதில்லை! கோமாரி வந்தால் பால் மாதக்கணக்கில் போகும் என்பதை அவரிடம் உட்கார்ந்து சொல்லவேண்டும். அந்த இரண்டு நாள் இழப்பை அரசு ஈடுசெய்யட்டும் என்று கேட்கவும் வேண்டும். இன்னொன்று: கொட்டில் இல்லாமல் தாம்பரம் சாலையோரத்திலே படுத்துக் கிடக்கும் மாடுகள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன? வளையத்தில் அவை ஓட்டையாக நிற்கும். அந்த மாடு யாருடையது என்பது தெருவிலுள்ள தோழருக்குத் தெரியும். ஊசிக்குழு வரும் நாளில் அவர் உடன் செல்லட்டும்.